நான் முடித்து வைத்த டிக்கெட்

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் உதவி மையத்துக்கு ஆள் எடுக்க விளம்பரம் போடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓர் ஆளைக் கேட்டுவிட்டுப் பத்து ஆளின் வேலையை எழுதுவார்கள். பட்டம் அல்லது டிப்ளமோ வேண்டும், சான்றிதழ் வேண்டும், சிஸ்டம் போடத் தெரிய வேண்டும், நெட்வொர்க் தெரிய வேண்டும், பிரிண்டரின் வாய்க்குள் கைவிட்டுச் சிக்கிய காகிதத்தை எடுக்கத் தெரிய வேண்டும். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், போனால் போகிறது என்று, 'பொறுமையும் கவனித்துக் கேட்கும் திறனும் விரும்பத்தக்கவை' என்று போடுவார்கள். விரும்பத்தக்கவையாம்! அந்தக் கடைசி வரிதானய்யா வேலையே. மற்றதை ஆறு மாதத்தில் யாரும் படித்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அந்தக் கடைசி வரி என்னிடம் இல்லாததால் ஒரு மனிதர் செத்துப்போனார்.

நான் சொல்ல வந்தது ஜெராக்ஸ் அக்காவின் கதையை. ஆனால் அவர் வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதை.

எங்களுடையது ஒரு காப்பீட்டு நிறுவனம். ஏழு மாடி, ஆயிரத்துச் சொச்சம் பேர். மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத அறையில் நாங்கள் ஆறு பேர். யாருடைய கம்ப்யூட்டராவது மக்கர் பண்ணினால் எங்களுக்குப் போன் வரும். குறையை எண் போட்டுப் பதிவு செய்வோம். அந்தப் பதிவுக்கு டிக்கெட் என்று பெயர். குறை தீர்ந்ததும் 'முடிக்கப்பட்டது' என்று போட்டு மூடுவோம். அன்றைக்கு யார் எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்று சுவரில் ஒரு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் என் பெயர்தான் உச்சியில் இருக்கும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்ச நஞ்சமல்ல.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பத்தொன்றுக்கு ஆறாவது மாடிக் கோப்பறையிலிருந்து போன் வந்தது. பழைய பாலிசிக் காகிதங்களைத் தேடி எடுத்துக் கொடுக்கிற அறை அது. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரே ஒரு மேஜை, ஒரே ஒரு மனிதர். வேலை இருந்தாலொழிய யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

"தம்பி, இந்த மவுஸ் நான் சொல்றத கேக்க மாட்டேங்குது. நான் ஒரு பக்கம் இழுத்தா அது ஒரு பக்கம் போகுது," என்றார்.

என் இடத்தில் இருந்தபடியே அவருடைய திரைக்குள் நுழைந்து பார்த்தேன். மவுஸின் அம்பு ஆடி ஆடி ஓர் ஓரமாக நழுவியது. அவர் பேச்சும் குழறலாக இருந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் பட்டது.

"சார், ஏதாவது சாப்பிட்டுட்டே பேசறீங்களா? பொறுமையா முழுங்கிட்டுக் கூப்பிடுங்களேன், நான் எங்க ஓடிடப் போறேன்," என்றேன்.

அவர் சிரித்தார். "இல்ல தம்பி, ஒண்ணும் சாப்பிடல. ஸ்கிரீன்லயும் வலது பக்கம் பாதியக் காணோம்," என்றார்.

"எனக்கு முழுசா தெரியுதே சார். அப்ப உங்க மானிட்டர்தான் போச்சு. போன் லைனும் சரியில்ல போல, உங்க குரல் கொழகொழன்னு வருது. ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்றேன். பழைய மெஷின், பத்து நிமிஷம் எடுக்கும். வந்ததும் நானே கூப்பிடறேன். டிக்கெட் நம்பர குறிச்சுக்குங்க."

எண்ணைச் சொன்னேன். அவர் எழுதுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நான் சுவர்த் திரையைப் பார்த்துக்கொண்டே விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "உங்களைத் தொந்தரவு பண்றேன் தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்தார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

நாலு மணிக்கு மேல் மறுபடி அவர் திரைக்குள் போனேன். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்து நின்றது. அதில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல், கட்டம் நிறைந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தன. ஏதோ ஒரு எழுத்தை யாரோ விடாமல் அழுத்துகிறார்கள் என்பதற்கு அது அடையாளம். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கீபோர்டில் கட்டை சிக்கிக்கொண்டது. மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று தடவைக்குப் பதில் இல்லையென்றால் மூடிவிடலாம் என்பது விதி. 'மவுஸ், மானிட்டர், கீபோர்டு பழுது. போன் லைனும் சரியில்லை. சாமான்களை மாற்றவும். பயனர் பதிலளிக்கவில்லை. முடிக்கப்பட்டது.' நாலு பதினாலுக்கு மூடினேன். அன்றைக்கு அது என் முப்பத்தோராவது டிக்கெட்.

மறுநாள் காலை, சாமான் மாற்றுகிற பையன் புது மவுஸும் கீபோர்டும் மானிட்டரும் தூக்கிக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனான். அரை மணியில் பழசைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஆளே இல்ல சார். நேத்து சாயந்திரம் அஞ்சே முக்காலுக்குக் கூட்டற அம்மா போய்ப் பாத்தாங்களாம். மேஜை மேல கவுந்து கிடந்தாராம், கீபோர்டு மேலயே. பக்கவாதமாம், ஆஸ்பத்திரில பேச்சு மூச்சு இல்லாம இருக்காராம். நான் புதுச மாட்டிட்டு வந்துட்டேன். பழசெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு!"

மூடிய டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். வலது கை, பேச்சு, வலது பக்கப் பார்வை. மூன்றும் அந்த மனிதருக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் மூன்றையும் சாமான் பட்டியலில் எழுதியிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறீர்களா என்று நக்கல் வேறு. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சாவுக்குப் போய் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஒரு ஈ காக்கை கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூடிய டிக்கெட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்? நான் மட்டும் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த எண்ணைத் தட்டித் திறந்து, நான் எழுதிய வரிகளைப் படித்து, மூடுவேன். யாராவது தொண்டை கட்டிய குரலில் பேசினால் மறுபடி மறுபடி பேசச் சொல்லிக் கேட்பேன். போன் எடுத்ததும், "உடம்பு எப்படி இருக்கு? ரெண்டு கையும் தூக்க முடியுதா?" என்றுதான் கேட்பேன். கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கூப்பிட்டவர்களெல்லாம் கையைத் தூக்கினார்கள். எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். லிஃப்டில் என்னைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி.

போன வருடக் கடைசியில் எங்கள் மையத்தில் ஓர் இடம் காலியாயிற்று. ஆரம்பநிலை வேலை. மனு போட்டவர்களைப் பேட்டி காண மேனேஜர் மேடமும் நானும் உட்கார்ந்தோம். மூத்த ஆள் என்ற முறையில் எனக்கும் ஒரு மதிப்பெண் தாள். ஆறாவதாக உள்ளே வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. தன் காகிதங்களை ஒழுங்காகக் கிளிப் போட்டு வைத்திருந்தார். பதினோரு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு, சாயந்திரங்களில். முதல் தடவை பெயில், இரண்டாம் தடவை தொண்ணூற்றி இரண்டு. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். 'கணவர்: காலமானார். இதே நிறுவனம், கோப்பறை.'

காகிதத்தைப் பட்டென்று மூடினேன். மேடம்தான் பேசினார். "ஜெராக்ஸ் கடையில என்னம்மா கத்துக்கிட்டீங்க?"

"மெஷினைத் திட்டினா ரிப்பேர் ஆகாதுன்னு கத்துக்கிட்டேன் மேடம். ஆனா அவசரமா வர்றவங்க மெஷினைத் திட்ட மாட்டாங்க, நம்மளத்தான் திட்டுவாங்க. அதையும் வாங்கி வச்சுக்கிட்டா, பேப்பர் எங்க சிக்கியிருக்குன்னு அவங்களே சொல்லிடுவாங்க."

மேடம் சிரித்துவிட்டார். இந்தம்மா உள்ளே வந்தால் என்றாவது ஒரு நாள் அந்த டிக்கெட்டைத் திறப்பார். எப்படியாவது கழற்றிவிட வேண்டும் என்று ஆரம்பநிலை ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். மெஷின் ஓடுகிறது, படம் வரவில்லை, என்ன செய்வீர்கள்? ஒரு மாடி முழுக்க நெட்வொர்க் போய்விட்டது, எங்கிருந்து தொடங்குவீர்கள்? மேலதிகாரி அடுத்தவருடைய கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுப்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் யோசித்து, அளந்து, பதில் சொன்னார். தெரியாத ஒன்றுக்கு, "தெரியல சார், யாரைக் கேக்கணும்னு தெரியும்," என்றார். வீட்டில் ஒரு செத்த கம்ப்யூட்டரைத் தரையில் விரித்து இருபது தடவை பிரித்து மாட்டியிருக்கிறாராம். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கணவருடைய மாத்திரை டப்பாவில், ஞாயிறு முதல் சனி வரை உள்ள ஏழு அறைகளில், வரிசையாகப் போட்டு வைப்பாராம். பள்ளிக்கூடம் போகிற மகள் தலை பின்னிக்கொண்டே கேள்வி கேட்க, அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொல்வாராம்.

"என்ன டாக்டர், மத்தவங்க எல்லார்கிட்டயும் கேட்ட கேள்விய இவங்ககிட்ட விட்டுட்டீங்க?" என்றார் மேடம். அவரே கேட்டார். "மவுஸ் நகர மாட்டேங்குதுன்னு ஒருத்தர் போன் பண்றார். முதல்ல என்ன கேப்பீங்க?"

அதுவரை வந்த ஐந்து பேரும் வயரைப் பார்ப்பேன், பேட்டரியைப் பார்ப்பேன் என்றார்கள். அந்தம்மா மேடத்தையும் என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "எப்பல இருந்து நகரலன்னு கேப்பேன். மணி எத்தனைன்னு கேட்டு எழுதி வச்சுக்குவேன்," என்றார்.

"இது புதுசா இருக்கே," என்று மேடம் ஒன்பது போட்டார். 'உரையாடல் திறன்' என்ற கட்டத்தில் நான் நாலு போட்டேன். வெட்கம் கெட்டவன், போட்டேன். ஆனாலும் அந்தம்மாவுக்கே வேலை கிடைத்தது.

வந்த ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஜெராக்ஸ் அக்கா ஆகிவிட்டார். அவருடைய நாற்காலி என் பக்கத்து நாற்காலி. பாவி மனுஷன் செய்த பாவத்துக்கு விதி இதைவிடப் பொருத்தமாக இடம் ஒதுக்கியிருக்க முடியாது. அவர் வேலை செய்கிற முறையே தனி. நாங்கள் 'பிரிண்டர் பழுது' என்று ஒரே வரியில் எழுதுவோம். அவர் கூப்பிட்டவர் சொன்னதை அப்படியே எழுதுவார். 'ரெண்டு தடவை இருமின மாதிரி சத்தம் வந்து நின்னுபோச்சு என்கிறார்.' 'நேற்றுவரை நல்லா இருந்துச்சு, இன்னிக்கு வெள்ளைப் பேப்பரா துப்புது என்கிறார்.' எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் எங்களால் முடியாததைப் பார்க்கிற மேல்நிலை ஆட்கள் அந்த வரியைப் படித்த உடனே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தார்கள். சுவர்த் திரையில் அவர் பெயர் கடைசியில்தான் இருந்தது. அதை அவர் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

என்னிடம் அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான்தான் கண்ணில் தூசி விழுந்தவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் டீ வாங்கி வந்து வைத்தால் அது ஆறி ஆடை கட்டும் வரை தொடமாட்டேன். ஒரு மத்தியானம் அவர் தானாகவே சொன்னார். "எங்க வீட்டுக்காரர் மேல ஆறாவது மாடில இருந்தார் சார். உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்," என்றேன். பொய். குரலைத் தவிர எனக்கு அவரைத் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் அன்றன்றைய டிக்கெட்டுகள் மட்டும்தான் தெரியும். பழையவற்றைப் பார்க்கும் அனுமதியை மூத்த ஆள் ஒரு கட்டத்தில் டிக் போட்டுத் தர வேண்டும். எங்கள் மையத்தில் அந்த மூத்த ஆள் நான்தான். ஒரு மாதம் ஆனது, போடவில்லை. இரண்டு மாதம் ஆனது, போடவில்லை. அந்தம்மா ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் ஒரு சாக்கு. சிஸ்டத்தில் கோளாறு என்று எங்கள் தொழிலில் சொல்லக் கூடாத சாக்கைக்கூடச் சொன்னேன். மூன்றாவது மாதம் மேடம் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"அந்தக்காவுக்கு இன்னும் ஏன் அனுமதி தரல? அது இல்லாம வேலைய உறுதிப்படுத்த முடியாது, தெரியுமில்ல? அவங்க வேலை பிடிக்கலன்னா சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமையோட அனுப்பிட்டு வேற ஆளப் பாக்கறேன்."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? டிக் போட்டால் நான் செய்தது வெளியே வரும். போடாவிட்டால் அந்தம்மாவின் பிழைப்பில் மண் விழும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றாள். "அந்த மனுஷனத்தான் கூப்பிடக் கூப்பிட விட்டுட்டீங்க. இப்ப அவர் பொண்டாட்டி பிள்ளையையும் தெருவுல விடப் போறீங்களா? ரெண்டு வருஷமா ஊர்ல உள்ளவன் கையெல்லாம் தூக்கச் சொல்லிட்டு இருக்கீங்க. உங்க கைய எப்பத் தூக்கப் போறீங்க?"

வியாழக்கிழமை மத்தியானம், மற்ற நாலு பேரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். "அனுமதி வந்திருச்சு, பாருங்க," என்றேன். "ஆனா நீங்க பாக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அவர் நான் சொல்வதைக் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து, பர்சின் உள்ளறையிலிருந்து நாலாக மடித்த துண்டுக் காகிதத்தை எடுத்தார். பிரித்து மேஜைமேல் வைத்தார். அதில் ஓர் எண். முதல் இரண்டு இலக்கங்கள் ஒழுங்காக இருந்தன. போகப் போகச் சரிந்து, கடைசி இலக்கம் காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களாம். அது என்ன எண் என்று கேட்டு அலுவலகத்துக்கு எட்டு தடவை நடந்தாராம். உதவி மையத்து ஆட்கள் தவிர யாரும் அதைத் திறக்க முடியாது, வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று கீழே வரவேற்பிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதனால்தான் உதவி மையத்து ஆள் ஆவது என்று முடிவு செய்தாராம். சான்றிதழ், பெயிலானது, மறுபடி எழுதியது, இருபது தடவை பிரித்த கம்ப்யூட்டர் எல்லாம் இந்த எட்டு இலக்கத்துக்காக.

எண்ணைத் தட்டினார். டிக்கெட் திறந்தது. நான் எழுதிய வரிகளைப் படித்தார். அடியில் என் பெயர் இருந்தது. அதற்கும் அடியில், யார் யார் எப்போதெல்லாம் அந்த டிக்கெட்டைத் திறந்து பார்த்தார்கள் என்ற வரலாறு இருந்தது. அப்படி ஒன்று பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். அவர் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. கீழே தள்ளிக்கொண்டே போனார். என் பெயர், தேதி. என் பெயர், தேதி. பக்கம் பக்கமாக வேறு பெயரே இல்லை.

"நூத்திப் பன்னெண்டு," என்றார். "எதுக்கு சார் இத்தனை தடவ?"

எல்லாவற்றையும் சொன்னேன். மவுஸைச் சொன்னேன், திரையைச் சொன்னேன், குரலைச் சொன்னேன், புள்ளிகளைச் சொன்னேன். "நாலு மணிக்கு ஒரு தடவ மேல ஏறிப் போய்ப் பாத்திருந்தா... மூணு மாடிதாங்க. மூணே மாடி," என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேரம் இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்திருந்தார்.

"மூணு அம்பத்திரண்டுக்குப் போன வச்சுட்டாரா?"

"ஆமா. ரீஸ்டார்ட் போட்டிருந்தேன்."

"எனக்கு மூணு அம்பத்தஞ்சுக்குப் போன் பண்ணினார்," என்றார். "கடைல கூட்டம். காலைல அவர்கூட சண்டை. குழாய் ஒழுகுது, வாஷர் வாங்கிட்டு வாங்கன்னு ஒரு வாரமா சொல்லியும் வாங்கல. அந்தக் கோபத்துல கட் பண்ணிட்டேன். மூணு அம்பத்தேழுக்கு மறுபடி பண்ணினார். போனக் கவுத்து வச்சுட்டு ஜெராக்ஸ் போட்டேன். அவர் சும்மா சமாதானம் பேசக் கூப்பிட்டாரா, இல்ல உடம்பு முடியாமக் கூப்பிட்டாரான்னு எனக்கு யாரும் சொல்லல சார். டாக்டருக்கும் தெரியல. நல்லா இருந்தப்பத்தான் கூப்பிட்டார்னு இதுல இருந்துட்டா, நான் கொஞ்சம் தூங்குவேன்னு நினைச்சேன்."

அவர் துண்டுக் காகிதத்தை மறுபடி நாலாக மடித்தார்.

"யாரோ ஒருத்தன் என் புருஷனக் கவனிக்காம விட்டிருப்பான், அவனக் கண்டுபிடிச்சு நாலு கேள்வி கேட்டாலாவது மனசு ஆறும்னும் நினைச்சேன். இப்ப நேரத்தப் பாத்ததும் அதுவும் போச்சு. நீங்க மூணு தடவ கூப்பிட்டீங்க. நான் ஒரு தடவ எடுத்திருந்தாப் போதும், அந்தக் குரல்லயே தெரிஞ்சிருக்கும் எனக்கு. அவர் சாப்பிட்டுட்டுப் பேசற குரல் எனக்குத் தெரியாதா சார்?"

வெளியே லிஃப்ட் வந்து நின்று, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது. அவர் கேட்டார். "இந்த டிக்கெட்டத் திரும்பத் திறக்க முடியுமா?"

"தொண்ணூறு நாள் தாண்டினா முடியாது. புதுசாத்தான் போடணும்."

புதிதாக ஒன்று போட்டார். இடம்: கோப்பறை. தேதிக்கு அந்தப் புதன்கிழமையை எழுதினார். "அவர் சொன்னதச் சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க, நீங்களா எதையும் மாத்த வேண்டாம்," என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். மவுஸ் நான் சொல்றத கேக்க மாட்டேங்குது என்கிறார். வலது பக்கம் பாதியக் காணோம் என்கிறார். நான் சொன்ன நக்கலையும் விடாமல் எழுதினார்.

"அதுக்கு என்ன சொன்னார்?"

"சிரிச்சார்."

'சிரித்தார்' என்று எழுதும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா?" என்று கேட்டார்.

"உங்களைத் தொந்தரவு பண்றேன் தம்பின்னார்."

"ஆமா, அப்படித்தான் சொல்வார்," என்று அதையும் எழுதினார். பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டார். என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்த போனை எடுத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு டிக்கெட்டை அன்றைக்கே மூடாவிட்டால் மறுநாள் சுவர்த் திரையில் சிவப்பாக வந்துவிடும். காலை பத்து மணிக்கு மேடம் உள்ளே வந்ததும் அண்ணாந்து அதைத்தான் பார்த்தார்.

"கோப்பறையா? அங்க இப்ப ஆளே கிடையாதே, ரூமையே பூட்டிட்டாங்களே. தேதி வேற ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. யார் பாத்த வேலை இது? யாரோட டிக்கெட்?"

"என்னோடது மேடம்," என்றார் ஜெராக்ஸ் அக்கா.

மேடத்தின் முகம் சுண்டியது. "இன்னிக்கு உங்கள உறுதிப்படுத்தணும்னு பேப்பரோட வந்திருக்கேன், நீங்க இப்படி விளையாடறீங்களே," என்றார். அறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பேசாமல் இருந்தால் அது அவர் தலையிலேயே இருந்துவிடும். எனக்கு அது தெரிந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் பழகியும் போயிருந்தது.

எழுந்தேன். "அவங்களோடது இல்ல மேடம். என்னோடது," என்றேன். "அவங்களோட பேட்டில நான் வேணும்னேதான் நாலு போட்டேன். அனுமதியையும் வேணும்னேதான் நிறுத்தி வச்சேன். ஏன்னு சொல்றேன், கேளுங்க." எல்லாருக்கும் முன்னால், ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை மூன்று போன்கள் அடித்து ஓய்ந்தன.

மேடம் கையிலிருந்த பேப்பரை மேஜைமேல் வைத்தார். மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். பிறகு அந்தம்மாவின் பக்கம் திரும்பினார். "தெரிஞ்ச பிறகும் இந்த ஆள் பக்கத்துலயே வந்து உக்காந்திருக்கீங்களேம்மா. உங்களுக்கு வேற சீட் மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம் மேடம்," என்றார் அவர். "எங்க வீட்டுக்காரர் குரலைக் கடைசியாக் கேட்டவர் இவர்தான். நான் வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"